ரேடியோக்கடை ராத்தா

பதுளை பஜாரில் ரேடியோ திருத்தும் அந்தக் கடைக்குள் போன ஆள், போன வேலை முடிந்த கையோடு வெளியே வந்ததாகச் சரித்திரமே இல்லை. பெயர்ப்பலகை என்னவோ ரேடியோ திருத்துமிடம், மைக் செட் வாடகைக்கு விடப்படும் என்றுதான் சொன்னது. உண்மையில் அது ஆட்களைப் பிடித்து வைக்கிற இடம்.

கடையை நடத்தியவர் ஐம்பது வயதை ஒட்டிய விதவை. கணவர் போன பிறகு கடையையும் மைக் செட்டையும் தானே எடுத்து நடத்தினார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். அவரைத் தோட்டத்து ஆட்கள், டவுன் ஆட்கள், பக்கத்துக் கடைச் சிங்களக்காரர்கள் எல்லாருமே ராத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொண்டு, கையில் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலோடு உட்கார்ந்திருப்பார். ரேடியோ திருத்துவதில் பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. பாதி ரேடியோ பேசும், பாதி ஊமையாகத் திரும்பிப் போகும். ஆனால் யாராவது வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டால் போதும்.

"எனத்துக்கு இவ்வளவு அவசரம்? குந்துங்க" என்பார்.

உட்கார்ந்தால் தேத்தண்ணி வரும். தேத்தண்ணி முடிந்தால் ஒரு கதை வரும். கதை முடிகிற நேரம் மழை வரும். பதுளையில் மழைக்கா பஞ்சம்? மழை விட்டால், வாசலில் வைத்த குடை இருக்காது. "உள்ளுக்கு எடுத்து வெச்சேன், நனைஞ்சிரும் எண்டு" என்பார். குடை நனைந்துவிடும் என்று கவலைப்பட்ட மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணி ஒருமுறை தன் ரேடியோவைக் கொடுத்துவிட்டு மாசக்கணக்கில் அலைந்தார். ரேடியோ எப்போதோ சரியாகிவிட்டது. ராத்தாதான் கொடுக்கவில்லை.

"நல்லாத்தான் ஈக்கிது கங்காணி. இன்னும் ரெண்டு நாள் பேச விட்டுப் பாப்போம்."

கங்காணி ஞாயிற்றுக்கிழமைதோறும் வெற்றிலைப் பையோடு வந்து, தன் சொந்த ரேடியோவை ராத்தாவின் கடையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் ஒருநாள் ராத்தாவே மனமிரங்கி அதைக் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு கங்காணி ரேடியோவைத் தலையில் சுமந்துகொண்டு திரும்பி வந்தார்.

"வீட்டுல வெச்சா சரியாப் பேச மாட்டேங்குதுங்க ராத்தா."

ரேடியோவில் ஒரு பழுதும் இல்லை. கங்காணிக்குத்தான் வீட்டில் கேட்டுப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

நான் அப்போது மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து அரைக்கிற ஆலையான தேயிலை ஸ்டோரில் வேலை செய்தேன். தோட்டத்தில் எங்களுக்கு ஒரு நாடகக் குழு இருந்தது. ராமையா எழுதுவான், அவனே நடத்துவான், கதாநாயகனும் அவனே. மெலிந்த உடம்பும் மீசை முளைக்காத முகமும் எனக்கு இருந்த குற்றத்துக்காக என்னைக் கதாநாயகியாக்கி வைத்திருந்தான். மைக் செட் வாடகைக்குப் பேசத்தான் நாங்கள் இருவரும் முதலில் ராத்தா கடைக்குப் போனோம். பேசி முடித்தபோது கடைசி பஸ் போய்விட்டிருந்தது.

கடையில் இரண்டு பெரிய டேப் ரெக்கோடர்கள் இருந்தன. தட்டுப்போல இரண்டு சுருள் சுற்றுமே, அந்த ரகம். இரண்டும் வெள்ளைக்காரத் துரைமார் திருத்தக் கொடுத்தவை. துரைமார் தோட்டங்களை விட்டுச் சீமைக்குப் போய்விட்டார்கள், மெஷின்களை வாங்க வரவில்லை. ராத்தா அவற்றை என்ன செய்தார் தெரியுமா? ஒன்றை மேசையில் வைத்தார், இன்னொன்றை எதிர்ச்சுவர் அலமாரியில் வைத்தார். முதல் மெஷினில் பதிந்த நாடாவை, அப்படியே கடைக்குக் குறுக்கே இழுத்து, ஒரு சோடா போத்தலைச் சுற்றி, இரண்டாவது மெஷினுக்குள் விட்டார். நாம் பேசுவதை முதல் மெஷின் பிடிக்கும். கொஞ்சம் பொறுத்து, நாடா அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் இரண்டாவது மெஷின் அதைப் பேசும். அந்தப் பேச்சை ஒரு வயர் வழியாக மறுபடியும் முதல் மெஷினுக்கே அனுப்பி வைத்தார். ஆகவே ஒருதரம் சொன்னது திரும்பி வரும், இன்னும் கொஞ்சம் மங்கித் திரும்பி வரும், புதிதாகச் சொன்னது அதன்மேல் ஏறிக்கொள்ளும். ஆளைத்தான் பிடித்து வைக்க முடியவில்லை, பேச்சையாவது பிடித்து வைப்போம் என்று நினைத்தாரோ என்னவோ.

இதன் முழுப் பலனையும் முதலில் அனுபவித்தவர் அவர் கணவரின் தம்பி. பண்டாரவளையில் புடவைக் கடைக்காரர். கடையை விற்றுவிட்டுத் தங்கள் வீட்டோடு வந்து இருக்கச் சொல்லி மாதம் ஒருமுறை வந்து நிற்பார். அன்றைக்கு நானும் கடையில்தான் மாட்டியிருந்தேன்.

"மதினி, பொம்புளைக்கு எனத்துக்கு இந்தக் கடை? எல்லாத்தையும் வித்திருவோம், வாங்க" என்றார் அவர்.

ராத்தா மைக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தார். கொஞ்சம் பொறுத்து வாசலில் தொங்கிய ஸ்பீக்கர் பஜார் முழுவதும் கேட்க, "எல்லாத்தையும் வித்திருவோம், வாங்க" என்றது. பிறகு இன்னொருமுறை. மனிதர் பதறிப்போய், "சத்தத்தக் கொறைங்க!" என்று கத்தினார். அதுவும் சேர்ந்துகொண்டது. எல்லாத்தையும் வித்திருவோம், வாங்க, கொறைங்க. தெருவில் போன சனம் உள்ளே நுழைய ஆரம்பித்தது.

"என்னாங்க விக்கிறீங்க? எவ்வளவு கொறைச்சுத் தருவீங்க?"

மழைக்கு ஒதுங்கியவர்களும் சேர்ந்து கடை நிறைந்துவிட்டது. பண்டாரவளைக்காரர் ஆட்களை விலக்கிக்கொண்டு வெளியேறினார். அதற்குப் பிறகு அவர் கடைக்குள் காலெடுத்து வைக்கவில்லை, சொல்லவேண்டியதை வாசலில் நின்றே சைகையில் சொல்லிவிட்டுப் போவார்.

எங்கள் நாடகத்துக்குள் இந்த மெஷின்கள் வந்தது வேறு காரணத்தால். அது இரண்டு அரசும் போட்ட ஒப்பந்தப்படி, தோட்டத்து ஆட்களில் இந்தியாவுக்குப் போகிறவர்களுக்குப் பாஸ்போட் வந்துகொண்டிருந்த காலம். ஒரு லயத்து வரிசை வீடுகளில் பாதிக் காம்பறா ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும். ராமையா எழுதிய நாடகத்தில் தோட்டத்து ஆட்கள் கூட்டமாக வந்து துரையின் பங்களாவுக்கு முன்னால் கோஷம் போடுகிற காட்சிதான் உயிர். கூட்டத்தில் நிற்க வேண்டிய பையன்கள் ஒவ்வொருத்தனாகக் கப்பலேறிவிட்டார்கள். மிஞ்சியது ராமையா, நான், துரை வேஷம் போடும் சின்னசாமி. ராமையா ராத்தா கடையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஊரே திரண்டு வரணும் ராத்தா. ஊருக்கு நான் எங்க போவேன்?"

"சத்தம் போட ஒராள் ஈக்கிறாரா?"

"சின்னசாமி இருக்கான். அவன்தான் துரை."

"அவரே கத்தட்டும்" என்றார் ராத்தா.

அப்படித்தான் நடந்தது. கடையின் பின்னால் இருந்த சாமான் அறையில் ஒத்திகை. சின்னசாமி மைக்குக்கு முன்னால் நின்று, "துரையே வெளியே வா!" என்று ஒரு கத்துக் கத்தினான். அது திரும்பி வந்தபோது, குரலை மாற்றி இன்னொரு கத்து. அதுவும் இதுவும் சேர்ந்து வந்தபோது மூன்றாவது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்ன அறைக்குள் மலை இறங்கி ஒரு கூட்டம் வந்துவிட்டது. சின்னசாமி உடனே தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தன்னைத் தானே எதிர்த்து நின்ற அந்தக் கூட்டத்துக்குப் பயந்துகொண்டே துரையாக வெளியே வந்தான். நடிப்புக்கு வந்த பயமில்லை, உண்மைப் பயம்.

ராமையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ராத்தாவுக்குத்தான் திருப்தி இல்லை.

"இன்னொருக்கா" என்றார். அதற்குப் பிறகும் "இன்னொருக்கா." நாங்கள் மூவரும் அன்றைக்கும் பஸ்ஸைத் தவறவிட்டோம்.

முதல் மேடையேற்றம் எங்கள் தோட்டத்திலேயே, ஒரு ஞாயிறு பின்னேரம். ராத்தா வேனில் மெஷின்களை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். தன்னுடைய பழைய நைலக்ஸ் சேலை ஒன்றை எனக்குக் கட்டிவிட்டு, என் நடையைப் பார்த்து, "பொம்புள அப்புடி நடக்க மாட்டா தம்பி, வாத்துத்தான் நடக்கும்" என்றார். திரைக்குப் பின்னால் நாடாவைக் கொடிக்கயிறு போலக் குறுக்கே இழுத்துக் கட்டியிருந்ததால், அந்தப் பக்கம் போக வேண்டுமானால் எல்லாரும் குனிந்து போக வேண்டும். சேலையோடு குனிந்து போவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோஷக் காட்சி ஆரம்பித்தது. சின்னசாமி கத்தினான். கூட்டம் திரண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் ஒரு கைப்பிள்ளை வீரிட்டு அழுதது. மைக் அதையும் பிடித்துக்கொண்டது. பிள்ளையைத் தட்டிச் சமாதானப்படுத்தி, மார்போடு அணைத்துத் தூங்க வைத்துவிட்டாள் தாய். ஆனால் அழுகை மட்டும் மேடைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், மறுபடி பிள்ளையைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மேடையில் ஏறி, "யாருடா உள்ள எம்புள்ளயப் போட்டு அடிக்கிறது?" என்று திரையை விலக்கினாள். அங்கே ராத்தா இருந்தார்.

"வாங்க புள்ள, குந்துங்க" என்றார் ராத்தா.

இதற்குள் சத்தம் கூடிக்கொண்டே போனது. திரும்பத் திரும்ப ஏறிய கோஷத்தோடு சனமும் சேர்ந்து, "துரையே வெளியே வா!" என்று கத்த ஆரம்பித்துவிட்டது. முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நிஜத் துரை, வெள்ளைக்காரர் போன பிறகு வந்த உள்ளூர் மானேஜர், வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுந்தார். கூப்பிட்டதற்கு அவர்தான் எழுந்து வருகிறார் என்று நினைத்துச் சனம் கைதட்டியது. அடுத்த நாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், இனிமேல் நாடகத்துக்கு ஸ்டோரிலிருந்து கரண்ட் கிடையாது என்று அறிவித்தார்கள்.

"நல்லது. டவுன்ல போடுவோம்" என்றார் ராத்தா. பதுளையில் நாடகப் போட்டி ஒன்று வரவிருந்தது. பேரைக் கொடுத்தோம்.

போட்டிக்கு முன்னால் ராமையாவுக்குப் பாஸ்போட் வந்துவிட்டது. மனைவி, பிள்ளைகளோடு அவன் போக வேண்டும். அவனுடைய அம்மாவின் பெயர் மூத்த மகளின் மனுவோடு சேர்த்துப் பதிந்திருந்ததால், அம்மாவுக்கு இங்கேயே பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. ஒரே லயத்தில் இருந்தவர்களுக்கு இரண்டு நாடு. கடைக்கு வந்து சொன்னபோது ராத்தா சூட்டுக்கோலைக் கீழே வைக்கவில்லை.

"அடுத்த கப்பல்ல போங்களேன்."

"கப்பல் என்னா நம்ம மடுல்சீமை பஸ்ஸா ராத்தா, விட்டா அடுத்ததப் புடிக்க?"

ராத்தா சிரிக்கவில்லை. "அப்ப ஒங்கட வசனத்த வெச்சிட்டுப் போங்க" என்றார்.

போகும்வரை ஒவ்வொரு பின்னேரமும் ராமையா கடையில் உட்கார்ந்து, கதாநாயகனின் வசனம் முழுவதையும் டேப்பில் பேசினான். இடையிடையே நான் பேசுவதற்கு இடம் விட்டான். ராத்தா ஒவ்வொன்றுக்கும் "இன்னொருக்கா" என்றார். நன்றாகவே பேசியதற்கும் இன்னொருக்கா. அவனும் அலுக்காமல் பேசினான்.

ஸ்டேஷனுக்கும் ராத்தா வந்தார். பதுளை ஸ்டேஷனில் அந்த நாட்களில் ரயில் புறப்படுகிற நேரத்தை எழுதிக் காட்ட எனக்கு வராது. சனம் தரையில் விழுந்து புரண்டு அழும். ராத்தா அழவில்லை. ரயில் கார்டிடம் போய், கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லிச் சிங்களத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ராத்தாவின் கைக்குள் சிக்காமல் தப்பித்துக்கொண்ட ஒரே மனிதர் அந்தக் கார்டாகத்தான் இருக்க வேண்டும். பச்சைக்கொடி காட்டிவிட்டார்.

போட்டி நாள் வந்தது. மேடையில் நான் ஒருத்தி, சின்னசாமி ஒருத்தன், ராத்தா இரவல் வாங்கி வந்த மூன்றாவது மெஷின் வழியாக ஸ்பீக்கருக்குள் ராமையா. முன்வரிசையில் ராமையாவின் அம்மா, மூத்த மகளோடு உட்கார்ந்திருந்தார். காட்சிப்படி நான் குடிசைக்குள் நுழைந்து, கணவனிடம் ஒவ்வொரு கஷ்டமாகச் சொல்ல வேண்டும். அவன் ஒவ்வொன்றுக்கும் ஆறுதல் சொல்லுவான். சேலையோடு நான் நுழைந்ததும், டவுன் பையன்கள் விசிலடித்து, கைதட்டி, ஓயவே இல்லை. மனுஷன் என்றால் காத்திருப்பான். டேப் காத்திருக்குமா? அந்த ஆரவாரத்துக்குள் ராமையாவின் முதல் பதில் யாருக்கும் கேட்காமல் ஓடிப்போய்விட்டது. எனக்கும் தெரியவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"புள்ளைக்கு நெருப்பாக் காயுதுங்க."

"கிழிச்சு அடுப்புல போடு!" என்றான் ராமையா, சிங்கம் மாதிரி.

அது துரை கொடுத்த வேலைநீக்க நோட்டீசுக்குச் சொல்ல வேண்டிய பதில். அடுத்ததில் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

"துரை வேலைய விட்டு நிப்பாட்டி நோட்டீசு குடுத்திட்டாருங்க."

"உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு, ஒரு தேத்தண்ணி குடு."

சிரிப்பு கூரையைத் தொட்டது. திரைக்குப் பின்னால் தலையைத் திருப்பி, நிறுத்துங்கள் என்று ராத்தாவுக்குக் கண் காட்டினேன். "ஏலா தம்பி! நிப்பாட்டினா நாடா சிக்கிரும். நீங்க ஓடிப் புடிங்க!" என்றார். அந்தக் குரலையும் மைக் பிடித்துவிட்டது. "ஓடிப் புடிங்க… ஓடிப் புடிங்க…" என்று மண்டபம் முழுக்கச் சுற்றியது. நான் எதை ஓடிப் பிடிப்பது? வாய் தானாக அடுத்த வசனத்தைச் சொல்லிவிட்டது.

"அத்தை வந்திருக்காங்க."

"அத ஒழிச்சுக் கட்டாம நான் தூங்க மாட்டேன்!"

அது பட்டினியைப் பற்றிய வசனம். முன்வரிசையில் ராமையாவின் அம்மா எழுந்தே விட்டார். "அடேய்! பெத்தவளையாடா ஒழிக்கப் போற?" என்று ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்தினார். அதுவும் டேப்பில் ஏறி, மகனின் கர்ஜனையும் தாயின் ஏச்சும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி வந்தன. சின்னசாமி துரை வேஷத்தோடு மேடை ஓரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பார்த்தவர் கண்ணில் நீர் வர வேண்டும் என்று ராமையா எழுதிய நாடகம் அது. நீர் வந்தது, சிரித்துச் சிரித்து. நடுவர்கள் சிறந்த நகைச்சுவை நாடகம் என்று பரிசு கொடுத்தார்கள். ராத்தா அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. "சிரிக்கிற கதையா அது? இன்னொருக்கா போட விடுங்க" என்று நடுவர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையை விடுவித்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு ராமையாவின் அம்மா தனியாகக் கடைக்கு வந்தார். நானும் இருந்தேன்.

"எம்மகன் பேசுறதக் கேக்கணும் தாயி."

ராத்தாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பாய் விரித்து, தேத்தண்ணி கொடுத்து, டேப்பை ஆரம்பத்திலிருந்து போட்டார். அந்தம்மா வெற்றிலையைக்கூட மெல்லாமல் கேட்டார். கேட்கக் கேட்க முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"இது அவன் இல்ல தாயி."

"அவர்ர கொரல்தானே?"

"கொரல் அவனுதுதான். பேச்சு அவனுதா? வீட்டுல எந்தப் பய இப்புடிக் கத்திப் பேசுவான்? இது நாடகக்காரன்."

டேப் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. காட்சி முடிந்தது. ராத்தா எதையும் அழிக்கிற ஆள் இல்லை, வசனத்துக்குப் பின்னால் பதிந்ததெல்லாம் அப்படியே இருந்தது. நாற்காலி நகர்ந்த சத்தம். ஒரு செருமல். பிறகு மெதுவான குரலில், "ராத்தா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி இருக்கா? தொண்ட காஞ்சு போச்சு."

அந்தம்மா எழுந்தார். மூலையில் இருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து, மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. ராத்தா பிளேடை எடுத்தார். அந்த ஒரு துண்டு நாடாவை மட்டும் வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி, மெஷினில் மாட்டிப் போத்தலைச் சுற்றி ஓட விட்டார். செருமல். தண்ணி இருக்கா. தொண்ட காஞ்சு போச்சு. செருமல். தண்ணி இருக்கா.

"இதுதான் அவன்" என்றார் அம்மா. "சுடுதண்ணி குடிடா, பனியில நிக்காதடான்னா கேட்டாத்தானே" என்று அதை ஏசவும் தொடங்கினார்.

அதற்குப் பிறகு சம்பளம் போட்ட ஞாயிறெல்லாம் அவர் வருவார். ராத்தா வளையத்தைச் சுற்ற விடுவார். அம்மா தண்ணீர் மொண்டு வைப்பார். அவருக்குப் புத்தி பிசகவில்லை, எல்லாம் தெரியும். ஆனால் நிறைந்த டம்ளரை அப்படியே விட்டுவிட்டுப் பஸ்ஸேற அவருக்கு மனம் வராது. அது ராத்தாவுக்கும் தெரியும். அம்மா அந்தப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து ராத்தா அதை எடுத்து மடமடவென்று குடித்துவிடுவார். காலி டம்ளரைப் பார்த்த பிறகுதான் அம்மா பையைத் தூக்குவார். இதை அவர்கள் இரண்டு பேரும் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை.

நோன்பு மாதம் வந்தது. அந்த ஞாயிறு உச்சிவெயிலில் அம்மா வந்து உட்கார்ந்தார். வளையம் சுற்றியது. டம்ளர் வந்தது. ராத்தா டம்ளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, எனக்கு ஏலா. நோன்பு."

"நான் இப்பத்தான் தேத்தண்ணி குடிச்சேன் ராத்தா."

"அந்த மனுசி பாத்துக்கிட்டு ஈக்கிறா. குடிங்க."

குடித்தேன். அம்மா திரும்பினார். காலி டம்ளரைப் பார்த்தார், ராத்தாவின் காய்ந்த உதட்டைப் பார்த்தார், என்னையும் ஒருதரம் பார்த்துக் கண்ணால் சிரித்தார். பையை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு குடத்தடிக்குப் போனார்.

"பாவம், வெயில்ல ரொம்பத் தாகமா இருப்பான் போல" என்றார். "இன்னொன்னு மொண்டு வாரேன்."